ஜார்ஜ் டவுனில் மரபு நடை: ஞாயிற்றுக்கிழமையா, கடை திறந்திருக்கும் நாளா?

கடற்கரை வண்டி | வியாழன், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மெட்ராஸ் டேயை ஒட்டி எங்கள் குடியிருப்புக்காரர்களை ஜார்ஜ் டவுனுக்குக் கூட்டிப்போய் நடந்து சுற்றிக் காட்டலாம் என்று பேச்சு எழுந்தது. "நீதான் பாரிமுனைப் பக்கம் வேலை பார்த்தவனாச்சே" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது பீச் ஸ்டேஷனில் இறங்கி தம்பு செட்டித் தெருவில் இருந்த ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ் வரைக்கும்தான். பிராட்வேக்கு மேற்கே போனதெல்லாம் ஏதாவது வாங்க வேண்டியிருந்தால் மட்டும்.

வருகிறவர்கள் இருபது இருபத்தைந்து பேர் இருப்பார்கள். பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு. முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஏரியா என்றால் கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, பாத்திரத்துக்கு ஈவினிங் பஜார், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை போவதா, கடை திறந்திருக்கும் நாளிலா? எந்தெந்தத் தெரு? தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தால் தப்பா? மெட்ராஸ் டே நடத்துகிறவர்களிடம் சொல்ல வேண்டுமா?

தங்கசாலைக்காரன் | வியாழன், இரவு 10:25

சொல்ல வேண்டியதெல்லாம் இல்லை தம்பி. அது 2004-ல் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா மூன்று பேரும் ஆரம்பித்து வைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து இந்த மணல்திட்டை வாங்கிய 1639 ஆகஸ்ட் 22-தான் கணக்கு. யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவில், தங்கள் செலவில் எதையாவது நடத்திக்கொள்ளலாம் என்பதே அதன் அழகு.

நாள் ஞாயிறுதான், வேறு பேச்சே வேண்டாம். நான் மின்ட் தெருவில் பிறந்து வளர்ந்தவன். வேலை நாளில் என்.எஸ்.சி. போஸ் சாலையில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தால் இடிபட்டே சாவீர்கள். ஞாயிறு காலை ஆறரைக்கு வாருங்கள், தெரு முழுக்க உங்களுடையது. மாடி ஜன்னல், மரக் கைப்பிடி, சுண்ணாம்புப் பூவேலை எல்லாம் அன்றைக்குத்தான் கண்ணில் படும்.

பாரிமுனையில் இருக்கும் பாரி கம்பெனிக் கட்டடமான டேர் ஹவுஸில் ஆரம்பியுங்கள். தாமஸ் பாரி 1788-ல் வந்து வியாபாரம் தொடங்கியவர். இப்போதிருக்கும் கட்டடம் 1940-ல் எழுந்தது. அதன் ஓரத்தில் ஒரு கல்தூண் நிற்கும், பாருங்கள். கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே யாரும் வீடு கட்டக்கூடாது என்று கம்பெனி நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். பக்கத்திலேயே நின்று பஸ் பிடிக்கிறவர்களுக்குக்கூடத் தெரியாது.

எதிரே ஹைகோர்ட். 1892-ல் திறந்தது. உச்சியில் இருக்கும் கோபுரம் 1894-லிருந்து 1977 வரை கலங்கரை விளக்கமாக எரிந்தது. கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் குடியிருந்த முதல் கறுப்பர் பட்டணம் அந்த இடத்தில்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரன் 1746-ல் கோட்டையைப் பிடித்துப் பிறகு திருப்பிக் கொடுத்தானே, அந்த அனுபவத்தில் பீரங்கிக்கு முன்னால் எதுவும் மறைக்கக்கூடாது என்று கம்பெனி ஊரையே இடித்துத் தள்ளியது. பட்டணம் கோயிலும் அதில் போயிற்று. பிறகு மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று இப்போதிருக்கும் இடத்தில், பூக்கடை பக்கம், சென்ன கேசவரையும் சென்ன மல்லீசுவரரையும் அடுத்தடுத்து எழுப்பினார்கள். ஊருக்கு இடம்பெயர்ந்த கதை இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

கோடவுன் தெரு | வெள்ளி, காலை 8:50

கடை திறக்கிறதுக்கு முன்னாடி டீ குடிச்சிக்கிட்டே இதைப் படிச்சேன். மூணு தலைமுறையா துணி ஹோல்சேல் பண்றோம். எங்க தரப்பையும் கொஞ்சம் கேளுங்க.

ஞாயித்துக்கிழமை வந்தா நீங்க பாக்கப்போறது ஷட்டரு. இரும்பு ஷட்டருல என்ன மரபு இருக்கு? இந்த இடத்தோட பெருமையே வியாபாரம்தான். கோடவுன் தெருவுல துணி, ஆண்டர்சன் தெருவுல பேப்பரு, செம்புதாஸ் தெருவுல பைப்பு வால்வு, ராசப்ப செட்டித் தெருவுல நாட்டு மருந்து, பத்ரியன் தெருவுல பூ. ஒரு தெருவுக்கு ஒரு சரக்குன்னு இருக்கிறதாலதான் வெளியூர் வியாபாரி ஒரே நாள்ல வந்து கொள்முதல் முடிச்சிட்டு ராத்திரி வண்டி ஏறுறான். ஞாயித்துக்கிழமை இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

ஆனா வேலை நாள்ல வர்றவங்க பண்றதும் சகிக்கல. போன வருஷம் ஒரு கூட்டம் வந்துச்சு. யாருன்னு சொல்லல. கழுத்துல அட்டை, கையில மைக்கு. எங்க தெரு அகலமே ரெண்டு மீன்பாடி வண்டி ஒதுங்கிப் போற அளவுதான். நடுவுல முப்பது பேர் அரைவட்டமா நின்னுட்டாங்க. ஒரு ஆளு தலையில சும்மாடு வச்சு, அதுமேல துணி மூட்டை, பேல்னு சொல்லுவோம், அதை ஏத்தி, பின்கழுத்து நரம்பு புடைக்க நடந்து வர்றாரு. அவரு நின்னா மறுபடி பேலை எறக்கி ஏத்த ரெண்டு ஆள் வேணும். "ஓரம், ஓரம்"னு கத்துறாரு. இவங்க ஒதுங்காம போட்டோ எடுக்குறாங்க. அவரு மூஞ்சிக்கு நேரா. கேட்டு எடுக்கணும்னுகூட யாருக்கும் தோணல.

இன்னொண்ணு, போணி. காலையில மொத வியாபாரம் ஆகுறதுக்கு முன்னாடி பத்துப் பேர் வந்து துணியைத் தடவிப் பாத்து, விலை கேட்டு, "சும்மா பாக்குறோம்"னு போனா அன்னிக்குப் பூரா எங்கப்பாவுக்கு மூடு போயிடும். மூடநம்பிக்கைன்னு சொல்லுவீங்க. இருக்கட்டும்.

மாடிப் பூங்கா | வெள்ளி, காலை 11:05

கோடவுன் தெரு அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பல வருடமாக இந்தப் பகுதியில் மரபு நடை நடத்துகிறேன். மைக்கை விட்டு வெகுகாலம் ஆயிற்று.

ஞாயிறா வேலை நாளா என்று கேட்பதற்கு முன் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். ஜார்ஜ் டவுன் தெருக்களில் பன்னிரண்டு பேருக்கு மேல் நின்றால் அது ஊர்வலம். இருபத்தைந்து பேரை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கூட்டம் கிழக்கிலிருந்து மேற்கே, மற்றது மேற்கிலிருந்து கிழக்கே. நடுவில் பிராட்வேயில் சந்தித்துக்கொள்ளலாம். அது நடுக்கோடும்கூட. கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. ஸ்டீபன் பாப்பம் என்ற வெள்ளைக்கார வக்கீல் பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் நடுவில் இருந்த பள்ளத்தைத் தூர்த்து ரோடு போட்டார், அதுதான் பிராட்வே.

கதை சொல்லுவதில் ஒரு எச்சரிக்கை. தம்பு செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலில் சத்ரபதி சிவாஜி 1677-ல் வந்து கும்பிட்டார் என்று எழுதியிருக்கும். அந்த வருஷம் அவர் தெற்கே படையெடுத்து வந்து செஞ்சியைப் பிடித்தது வரலாறு. இந்தக் கோயிலுக்கு வந்தார் என்பது கோயில் சொல்வது. "கோயிலில் இப்படிச் சொல்கிறார்கள்" என்று சொன்னால் போதும். உறுதிப்படுத்தவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். குருக்கள் முன்னால் நின்று "ஆதாரம் எங்கே" என்று கேட்ட ஒரு பேராசிரியரால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆதாரத்தோடு சொல்ல வேண்டுமென்றால் ஹைகோர்ட் மதிலில் எம்டன் பலகை இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. ஒரு குண்டு அங்கே விழுந்தது. பாட்டிகள் குறும்புக்காரப் பேரனை "சரியான எம்டன்" என்று திட்டுவதற்கு மூலம் அது. பெரியவர்கள் கூட்டத்தில் இது எப்போதும் எடுபடும்.

சந்தேகச்சாமி | வெள்ளி, மதியம் 1:30

கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மரபு நடை எல்லாமே ஒரே அச்சு. வெள்ளைக்காரன் கட்டிய கட்டடம், அதை வரைந்த இன்ஜினியர் பேர், தூணின் பாணி. கடைசியில் ஒரு ஃபில்டர் காபி. பேசுவது இங்கிலீஷ், தலைக்கு ஐநூறு ரூபாய். மூட்டை தூக்குகிறவர் அந்த நடையில் வேடிக்கைப் பொருள். அந்தத் துறைமுகத்தையும் கோடவுன்களையும் தோளில் சுமந்தவர்களைப் பற்றி யாராவது வாய் திறக்கிறார்களா? வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்து நின்ற சாதிகளின் சண்டையில் எந்தத் தெருவில் யார் கல்யாண ஊர்வலம் போகலாம் என்று கம்பெனிக் கவர்னர் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணிய ஊர் இது. "அழகான பழைய பட்டணம்" என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வசூலைப் பற்றிக் கேட்டீர்கள். குடியிருப்புக்காரர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு ரூபாயாவது அந்தத் தெருவில் செலவாக வேண்டும்.

ஏழுகிணறு வாசி | வெள்ளி, மதியம் 3:10

எல்லாரும் ஆம்பளைங்களா பேசிக்கிட்டிருக்கீங்க போல, அதான் இதுவரைக்கும் பாத்ரூம் பத்தி ஒருத்தரும் கேக்கல.

அறுபது தாண்டினவங்க பாதிப் பேர்னு சொல்றீங்க. சர்க்கரை இருக்கிறவங்க இருப்பாங்க. மூணு மணி நேரம் எங்க போவாங்க? முதல்ல அதை யோசிச்சிட்டு அப்புறம் தெருவை முடிவு பண்ணுங்க. ஹைகோர்ட் மெட்ரோ, மண்ணடி மெட்ரோ ரெண்டு ஸ்டேஷன்லயும் வசதி இருக்கு, லிஃப்டும் இருக்கு. ஒண்ணுல ஆரம்பிச்சு, நடுவுல உக்காந்து டிபன் சாப்பிடுற ஹோட்டல் ஒண்ணு வச்சுக்கங்க. ரோட்டோரக் கடையில நின்னு சாப்பிடுறது பிள்ளைங்களுக்குச் சரி, பெரியவங்களுக்கு உக்கார இடம் வேணும்.

அப்புறம் எங்க பக்கம். வீராசாமிப் பிள்ளை தெருவுல வள்ளலார் இருந்த வீடு இருக்கு. சின்ன வயசுலேயே குடும்பத்தோட வந்து 1858 வரைக்கும் சென்னையிலதான் இருந்தாரு. இங்கிருந்து நடந்தே கந்தகோட்டம் போயி தெய்வமணிமாலை பாடினாரு. கட்டடம் பாக்க வர்றவங்க ஏழுகிணறு வரைக்கும் வர்றதே இல்ல. அந்தக் கிணறுகள் 1772-ல கோட்டைக்குத் தண்ணி கொடுக்க வெட்டினது. ஊர்க்காரங்களுக்கு இல்ல, கோட்டைக்கு. தண்ணிக்கு அலையுற கதை இந்த ஊருல அப்பவே ஆரம்பிச்சாச்சு.

ஒரே ஒரு வேண்டுகோள். எங்க தெருவுல வீடுங்க இன்னும் வீடாதான் இருக்கு. திண்ணை இருக்கேன்னு ஏறி உக்காந்து முற்றத்தை எட்டிப் பாக்காதீங்க. உள்ள ஒருத்தி தலைக்குக் குளிச்சிட்டு நிப்பா.

மண்ணடி பாய் | வெள்ளி, இரவு 8:45

அஸ்ஸலாமு அலைக்கும். சகோதரர்கள் போடும் பாதை எல்லாம் பாரிமுனையில் ஆரம்பித்து சௌகார்பேட்டையில் ஜிலேபி சாப்பிட்டு முடிகிறது. மண்ணடி எங்கே போயிற்று?

அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜிதே மஃமூர் இருக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினத்து வியாபாரிகள் தலைமுறைகளாக இங்கே மண்டி வைத்திருக்கிறார்கள். பவளக்காரத் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். பத்து நிமிட நடையில் அரண்மனைக்காரன் தெரு, அதாவது ஆர்மீனியன் தெரு: ஆர்மீனியர் கோயில், அந்தோணியார் கோயில், கச்சாலீசுவரர் கோயில் மூன்றும் ஒரே தெருவில். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் பாதி இந்துக்கள், எங்கள் வீட்டுப் பெண்களும் போவார்கள். வெளியூர்க்காரர்கள் இதை அதிசயமாகப் பார்க்கிறார்கள். எங்களுக்கு அது செவ்வாய்க்கிழமை டிராஃபிக்.

நோன்பு மாதத்தில் ராத்திரி வாருங்கள், நடை என்றால் அதுதான் நடை. தராவீஹ் என்கிற இரவுத் தொழுகை முடிந்து தெருவே சாப்பாட்டுக் கடையாகிவிடும். அதற்கு வழிகாட்டி வேண்டாம், பசி இருந்தால் போதும்.

தங்கசாலைக்காரன் | வெள்ளி, இரவு 9:30

பாய் சொன்னதும்தான் எழுதத் தோன்றியது. நிகழ்ச்சி நிகழ்ச்சி என்கிறோமே, இந்தப் பேட்டையின் பெரிய நிகழ்ச்சியை நாம் யாரும் உண்டாக்கவில்லை. புரட்டாசியில் சென்ன கேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிக் குடை கிளம்பும். அன்றைக்கு என்.எஸ்.சி. போஸ் சாலையில் டிராஃபிக் கிடையாது, மனுஷத் தலைதான். பட்டுக் குடைகள் உயரத்தில் ஆடிக்கொண்டே வரும். கோவிந்தப்ப நாயக்கன் தெரு வழியாகப் போய் சாயங்காலம் யானைக்கவுனி தாண்டுவதைப் பார்க்க ஊரே திரளும். சேட்டு வீட்டுக்காரர்கள் வாசலில் மோர் பந்தல் போட்டு நிற்பார்கள். அப்புறம் சூளை, புரசைவாக்கம், அயனாவரம், வில்லிவாக்கம் என்று நாள் கணக்கில் நடந்து திருமலைக்குப் போய்ச் சேரும். என் பாட்டி குடை கவுனி தாண்டின பிறகுதான் ராத்திரிச் சமையலுக்கு அடுப்பு மூட்டுவாள்.

ஆகஸ்ட் நடைக்கு வந்தவர்களில் யாருக்காவது ஆர்வம் இருந்தால் அடுத்த மாதமே குடைக்கு வரச் சொல்லுங்கள். மரபைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

பினாங்கு ராணி | சனி, காலை 7:20

வணக்கம். நான் பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரும் ஜார்ஜ் டவுன்தான். உங்களுடையது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில், எங்களுடையது மூன்றாம் ஜார்ஜ் பெயரில். எங்களுக்கும் ஓர் ஆர்மீனியன் தெரு உண்டு, சூலியா தெருவில் நாகூர் தர்கா உண்டு, குயின் தெருவில் மாரியம்மன் கோயில் உண்டு. அதனால் இந்த இழையைப் படிக்கப் படிக்கப் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கிறது.

2008-ல் யுனெஸ்கோ எங்களை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. நல்லது நிறைய நடந்தது, பொய் சொல்லக்கூடாது. இடிந்து விழ இருந்த கடைவீடுகளைப் பழைய முறையில் சுண்ணாம்பு பூசிக் காப்பாற்றினார்கள். 2010-லிருந்து ஜார்ஜ் டவுன் விழா நடக்கிறது. 2012-ல் ஆர்மீனியன் தெருச் சுவரில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகளை ஒருவர் வரைந்தார். நிஜ சைக்கிளையே சுவரில் பதித்திருப்பார். இப்போது அதன் முன்னால் நின்று படம் எடுக்க வரிசை. அந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருக்கிறவர் வாசலைத் திறந்தால் அந்நியர்கள்தான்.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-த்தில் போனதுமே பழைய குடித்தனக்காரர்கள் வெளியேற ஆரம்பித்துவிட்டார்கள். பாரம்பரியப் பட்டம் வந்த பிறகு கடைவீடுகளின் விலை இன்னும் ஏறியது. கூடை முடைகிறவர், பெயர்ப்பலகை செதுக்குகிறவர் இருந்த இடத்தில் காப்பிக் கடையும் சின்ன ஹோட்டலும் வந்தன. அதிர்ஷ்டவசமாக எங்கள் லிட்டில் இந்தியாவில் இன்னும் மசாலாவும் சேலையும்தான் விற்கிறார்கள்.

கோடவுன் தெரு அண்ணன் கோபப்படுகிறாரே, அது எனக்கு நல்ல செய்தி. தெரு இன்னும் அவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

மாடிப் பூங்கா | சனி, காலை 9:00

ராணி அம்மா, சென்னையில் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. இங்கே காப்பிக் கடைக்காரர் வந்து பழைய கட்டடத்தை வாங்குவதில்லை. இடித்துவிட்டு நாலு மாடிக் கடைத்தொகுதி எழுப்புகிறார்கள். மரபுக் கட்டடங்களுக்கென்று 2012-ல் ஆணையச் சட்டம் வந்தது. சட்டம் வேறு, தெரு வேறு. அரண்மனைக்காரன் தெருவில் கோகலே ஹாலைப் பாருங்கள். அன்னி பெசன்ட் தொடங்கிய இளைஞர் சங்கத்தின் கூடம். ஹோம் ரூல் இயக்கக் கூட்டம், சங்கீதக் கச்சேரி எல்லாம் நடந்த இடம். பாதி இடித்த பிறகுதான் கோர்ட்டில் தடை வாங்கினார்கள். நடையில் அந்தப் பாதி இடிந்த கட்டடத்தைக் கட்டாயம் காட்டுங்கள். பளபளப்பானதை மட்டும் காட்டினால் சந்தேகச்சாமி சொன்ன அச்சுதான் மிஞ்சும்.

பச்சையப்பன் மண்டபமும் அப்படியே. 1850-ல் கிரேக்கக் கோயில் மாதிரித் தூண் வைத்துக் கட்டியது. நடைபாதைக் கடைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கடைக்காரர்களைத் திட்டுவது சுலபம். அந்தப் பிளாஸ்டிக் சீப்பும் ரிப்பனும் இல்லாமல் அந்தச் சாலைக்கு உயிர் ஏது?

கோடவுன் தெரு | சனி, மதியம் 2:15

அந்தம்மா பினாங்குலேருந்து எழுதினது மனசுல நின்னுடுச்சு. நேத்து கொஞ்சம் சூடா எழுதிட்டேன், ஆனா எதையும் மாத்திக்கல.

ஒரு யோசனை சொல்றேன். ஞாயிறும் வேணாம், வேலை நாள் மதியமும் வேணாம். சனிக்கிழமை காலையில வாங்க. நாங்க பத்து மணிக்கு ஷட்டர் ஏத்துவோம். வெளியூர்க்காரங்க பதினொண்ணரைக்கு மேலதான் வந்து குவியுவாங்க. பார்சல் கட்டுறது, லாரி புக்கிங்குக்கு அனுப்புறது எல்லாம் சாயங்காலம். அதனால பத்திலேருந்து பதினொண்ணு வரைக்கும் தெரு கொஞ்சம் மூச்சு விடும். கல்லாவுக்கு ஊதுவத்தி காட்டுவோம், பையன் தண்ணி தெளிப்பான், டீ வரும், லோடுமேன் எல்லாம் உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருப்பாங்க. அந்த நேரத்துல பேசினா பேசுவாங்க. எங்ககிட்ட இருக்கிற ஒருத்தரு கொத்தவால் சாவடியில காய்கறி மூட்டை தூக்கினவரு. 1996-ல மார்க்கெட்டு கோயம்பேட்டுக்குப் போனப்ப, குடும்பத்தை இழுத்துக்கிட்டு அவ்வளவு தூரம் போக முடியாம துணிக்கு மாறினாரு. அவருகிட்ட இருக்கிற கதை எந்தப் பலகையிலயும் எழுதல. ஆனா பேசினதுக்கு டீ வாங்கிக் குடுங்க. காசு குடுத்தா கோவிச்சுக்குவாரு.

ஏழு, எட்டு மணிக்கே வந்துட்டா அந்த நேரத்துல கிழக்குப் பக்கம் முடிச்சிடுங்க. பூக்கடைங்க விடியக்காலையிலேயே தொறந்திருக்கும்.

சந்தேகச்சாமி | சனி, மாலை 5:40

அண்ணே, நீங்கள் சொன்ன அந்த மனிதர்தான் வழிகாட்டியாக வர வேண்டும். அவர் சம்மதித்தால் என் பங்குக்கு நானும் வருகிறேன், ஒரு வார்த்தையும் குறை சொல்லாமல்.

ஏழுகிணறு வாசி | சனி, மாலை 6:05

குறை சொல்லாமலா? அது நடக்காது சாமி.

கடற்கரை வண்டி | ஞாயிறு, இரவு 9:15

அனைவருக்கும் நன்றி. எங்கள் குடியிருப்பில் காட்டிப் பேசியதில் இப்படி முடிவாகியிருக்கிறது.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஹைகோர்ட் மெட்ரோ. இரண்டு கூட்டம், ஒன்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லை. ஒரு கூட்டம் தூண், எம்டன் பலகை, தம்பு செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு என்று போகும். ஆர்மீனியர் கோயில் 1712-ல் கட்டி 1772-ல் திருப்பிக் கட்டியது, ஆறு மணிகள் தொங்கும் கோபுரம் இருக்கிறது என்று படித்தேன். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794-ல் இந்த ஊரில் அச்சானது என்பதை என் மனைவி நம்பவே இல்லை. திறக்கும் நேரத்தை நேரில் போய்க் கேட்டு வருகிறேன். இன்னொரு கூட்டம் பூக்கடையில் ஆரம்பித்து பட்டணம் கோயில் பார்த்துவிட்டுக் கிழக்கே வரும். ஒன்பதுக்கு பிராட்வேயில் உட்கார்ந்து டிபன். பத்துக்கு ஆளுக்குக் கொஞ்சமாகக் கோடவுன் தெரு. பதினொன்றுக்குள் வெளியேறிவிடுவோம். நடக்கத் தெம்பிருப்பவர்கள் மட்டும் ஏழுகிணறு, திண்ணையில் ஏறாமல். மற்றவர்கள் மண்ணடி மெட்ரோவில் ஏறிக்கொள்வார்கள். தலைக்கு நூறு ரூபாய், முழுக்க டிபனுக்கும் டீக்கும். பேச்சு தமிழில். முகத்தைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்று அழைப்பிலேயே போட்டுவிட்டோம்.

பிள்ளைகளுக்கு அத்தோ வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். காலையில் கிடைக்குமா?

மண்ணடி பாய் | ஞாயிறு, இரவு 9:50

காலையில் எங்கே? பர்மா பஜார்க்காரர்கள் கொண்டுவந்த சாப்பாடு, சாயங்காலம்தான் செகண்ட் லைன் பீச் பக்கம் வண்டி போடுவார்கள். நூடுல்ஸைக் கையாலேயே கோஸ், வெங்காயம், புளித்தண்ணி சேர்த்துப் பிசைந்து தருவார்கள், கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். பிள்ளைகளை இன்னொரு நாள் ஐந்து மணிக்கு மேல் கூட்டி வாருங்கள். மண்ணடி மெட்ரோவில் இறங்கி, யாரிடம் கேட்டாலும் காட்டுவார்கள்.

கடற்கரை வண்டி | ஞாயிறு, இரவு 10:05

சரி பாய். கோடவுன் தெரு அண்ணே, கடைசியாக ஒன்று. போணி ஆகட்டும் என்று காத்திருப்பதற்குப் பதில் நாங்களே போணி பண்ணிவிட்டால் என்ன? எங்கள் கூட்டத்தில் ரெண்டு மூன்று பேர் லுங்கி, துண்டு வாங்கலாம் என்கிறார்கள். சில்லறையில் கொடுப்பீர்களா?

கோடவுன் தெரு | ஞாயிறு, இரவு 10:20

டஜனுக்குக் கீழ கிடையாது. மூணு பேரும் சேந்து ஒரு டஜன் எடுத்துட்டு வீட்டுல போயி பிரிச்சுக்கங்க.